‘டீ குடு!’ – யார் சொல்லிக்கொடுத்த தமிழ் இது?

ஒரகடம் கூட்டுரோட்டில் நைட் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் இதைக் கேட்கலாம். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன் வருவான். பீகாரோ, ஒடிசாவோ, ஜார்க்கண்டோ. கண்ணில் தூக்கம். “டீ குடு” என்பான். கல்லாவில் இருப்பவருக்கு அறுபது வயது இருக்கும். முகம் சுண்டிப்போகும். டீ போய்விடும், பின்னாலேயே, பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஆளிடம் புகார் வரும். “வயசுக்காவது ஒரு மரியாத இருக்கா பாருங்க சார். குடுவாம், குடு!”

கோபம் நியாயமானதுதான். பையன் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அவன் தமிழ்நாட்டுக்கு வந்து சில மாதம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் போய்த் தமிழ் படிக்கவில்லை. காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டான். காலையில் ஆள் பிடித்து வேனில் ஏற்றுகிற கான்ட்ராக்டர் ‘ஏறு, சீக்கிரம் ஏறு’ என்கிறார். லைனில் சூப்பர்வைசர் ‘எடு, வை, தூக்கு, நகரு’ என்கிறார். ஒரு அறையில் எட்டுப் பேரை அடைத்திருக்கும் வீட்டுக்காரர் ‘வாடகை குடு’ என்கிறார். மளிகைக் கடையில் ‘என்ன வேணும், சொல்லு’. ‘குடுங்க’ என்று யாராவது அவனிடம் சொல்லியிருந்தால்தானே அப்படி ஒரு சொல் இருப்பது அவனுக்குத் தெரியும்? நாம் அவனிடம் பேசிய தமிழைத்தான் அவன் நம்மிடம் திருப்பிப் பேசுகிறான்.

இந்தப் புகார் ஒரகடத்தோடு நிற்கவில்லை. ‘ஜனங்க முன்ன மாதிரி இல்ல, வாயத் தொறந்தா எரிஞ்சு விழறாங்க’ என்று குன்றத்தூர் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். பஸ்ஸில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடத்தில், ஷேர் ஆட்டோவில். அதில் உண்மை எவ்வளவு, பழைய ஞாபகத்துக்குப் பூசிய சாயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் சிரமம்.

குன்றத்தூருக்கு நடந்தது சின்ன மாற்றமில்லை. மலைமேல் முருகன், கீழே சேக்கிழார் எழுப்பிய திருநாகேசுவரம், ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, சுற்றிலும் வயல் என்று இருந்த ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் அதே ஒரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலை. ராயல் என்ஃபீல்டு, யமஹா, அப்போலோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், சாம்சங் என்று வரிசை நீண்டது. நோக்கியா 2014-ல் மூடிக்கொண்டு போனது, மற்றவை பெருகின. வேலை அங்கே, வீட்டு வாடகை கொஞ்சம் கட்டுப்படியாவது இங்கே என்று வந்தவர்களில் ஒரு பகுதி குன்றத்தூரில் தங்கிவிட்டது. 2021-ல் ஊர் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

இப்படி ஆன ஊரில் முதலில் போவது, பேச்சுக்குப் பின்னால் இருந்த பயம். சின்ன ஊரில் ஒருவரை நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிட்டால், சாயங்காலத்துக்குள் அது பேசியவன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். ‘உங்க பையன் என்ன இப்படிப் பேசுறான்?’ என்று கேட்க ஆள் இருந்தது. இன்று ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்காருகிறவரை மறுபடி பார்க்கவே போவதில்லை. மூன்று ஷிஃப்ட், அடுத்த அறையில் இருப்பவனையே வாரக்கணக்கில் பார்க்காமல் இருக்க முடியும். திட்டினால் செலவு ஒன்றுமில்லை. திட்டு வாங்கியவர் அதை அடுத்த ஆளிடம் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்.

அதே சமயம், வந்தவர்கள் எல்லோரும் ஒரே தமிழ் பேசுகிறவர்களும் இல்லை. இந்தியை விடுங்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வேலை மாறி குன்றத்தூருக்கு வருகிறார் என்று வையுங்கள். வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுப் பேசி வளர்ந்தவர். இங்கே காய்கறிக் கடை அம்மா, “இன்னாபா வேணும்? தக்காளி எடுத்துக்கோ, நல்லாக்கீது” என்கிறார். அவருக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த அம்மா மனதில் அவமரியாதை துளியும் கிடையாது. ‘பா’ போட்டதே அன்பு. தொண்டை மண்டலத்துப் பேச்சில் ‘நீ’ என்பது கொங்கு நாட்டு ‘நீ’ அளவுக்குக் கடுமையானது கிடையாது. திருநெல்வேலிக்காரர் முன்பின் தெரியாதவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டால் இங்கே உள்ளவர் மளிகைக் கடையை நினைத்துக்கொள்கிறார். மதுரைக்காரர் ‘அண்ணே’ என்று உரக்கக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறார் என்று தோன்றுகிறது. மரியாதை கெட்டுப்போச்சு என்ற புகாரில் ஒரு பங்கு, இப்படி ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போவது. ஒருவரைப் பன்மையில் சொல்வதை இலக்கணத்தில் சேர்க்காமல், உலக வழக்கில் வந்த உயர்சொல் என்றுதான் தொல்காப்பியம் வைத்தது. வழக்கு என்றால் ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும்.

தவிர, இந்தப் பக்கத்துச் சாலைகள் என்றைக்குமே பணிவுக்குப் பேர் போனவை அல்ல. ‘வூட்ல சொல்லிட்டு வந்தியா?’ என்று பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்பதும், ‘சாவுகிராக்கி’ என்று ஆட்டோக்காரர் திட்டுவதும் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பே இருந்தவை. அதில் கொஞ்சம் நகைச்சுவையாவது இருந்தது. இப்போது ஹாரன்தான் திட்டுகிறது.

இங்கே இன்னொரு கேள்வி வருகிறது. முன்பு இருந்ததாகச் சொல்லும் மரியாதை யாருக்குக் கிடைத்தது?

பணிவு பற்றி உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிக்கிற கோட்பாடு ஒன்று உண்டு. பெனலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978-ல் நீண்ட கட்டுரையாக எழுதி, 1987-ல் புத்தகமாக்கியது. முன்பின் தெரிந்தவரா, அவர் கை ஓங்கியதா நம் கை ஓங்கியதா, கேட்கிற உதவி எவ்வளவு பெரியது என்ற மூன்றையும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துத்தான் மனிதர்கள் எவ்வளவு குழைந்து பேசுவது என்று தீர்மானிக்கிறார்கள் என்பது அதன் சாரம். இந்தக் கணக்கு மூன்று மொழிகளின் மீது எழுப்பப்பட்டது. ஒன்று ஆங்கிலம். இரண்டாவது, மெக்சிகோவின் மாயா மக்கள் பேசும் செல்தால். மூன்றாவது தமிழ், லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கிக் கேட்ட தமிழ். உலகத்துக்கே பணிவு பாடம் எடுக்க நம் கிராமத்துப் பேச்சு பயன்பட்டது என்று பெருமைப்படலாம். அந்தப் பேச்சில் யார் யாரை ‘நீ’ என்றார்கள், யார் யாருக்கு ‘நீங்க’ போட்டார்கள் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் அவர் எழுதியிருப்பதைப் படித்தால் பெருமை கொஞ்சம் இறங்கும்.

கொங்கு நாடு மட்டும் அப்படி என்றில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கிராமங்களிலும் பத்து வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவரைக் காலனிக்காரர் என்பதால் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கிழவர் பதிலுக்கு ‘சாமி’ என்றார். அந்தக் காலத்தைத்தான் மரியாதையான காலம் என்று சொல்கிறோம். அந்த ஒழுங்கை உடைக்க நடந்த முயற்சிகளில் ஒன்றுக்கு இந்த வட்டாரமே சாட்சி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை எடுத்துவிடச் சொன்னது. ஒருவர் பெயரைச் சொன்னதுமே அவருக்கு எவ்வளவு மரியாதை என்று அளந்துவிட வழிசெய்த ஒட்டு அது. அதை அறுத்துவிட்டால் முன்பின் தெரியாதவர் வெறும் மனிதராக நிற்பார். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு கொண்டுவந்த ‘திரு’, ‘திருமதி’ எல்லோர் பெயருக்கு முன்னாலும் ஒரே அளவில் உட்கார்ந்தது. வழக்கத்தில் எவ்வளவு மாறியது என்பது வேறு விஷயம்; தபால் உறையிலாவது மாறியது.

இந்த ஊர்க்காரரான சேக்கிழார் இதை எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் முன்பே வேறு வழியில் செய்து பார்த்தார். அவருடைய பெரியபுராணத்தில் குயவர், மீனவர், வேடர், வண்ணார் என்று பலரும் நாயன்மார்களாக மரியாதையோடு வருகிறார்கள். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார். ஊருக்கு வரும் அடியார்களின் முகத்தைப் பார்த்தே மனத்தில் உள்ளதைத் தெரிந்துகொண்டு துணி வெளுத்துக் கொடுத்தவர். கந்தலோடு வந்த முதியவரிடம், சாயங்காலத்துக்குள் உலர்த்தித் தருகிறேன் என்று வாங்கி, மழை விடாமல் பெய்ததால் சொன்ன சொல் தவறுகிறதே என்று கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். அறிமுகமில்லாத ஒருவரிடம் காட்டும் மரியாதைக்கு இதைவிடப் பெரிய கதை இந்த மாவட்டத்தில் கிடையாது.

ஆனால் அதே நூலில் மெய்ப்பொருள் நாயனாரும் இருக்கிறார். எதிரி திருநீறு பூசி, அடியார் வேடத்தில் ஓலைக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து வருகிறான். நாயனார் வேடத்தை வணங்குகிறார். குத்துப்பட்ட பிறகும், அவனை யாரும் தொடாமல் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடச் சொல்கிறார். உள்ளே இருப்பவன் யாராக இருந்தாலும் சரி, வேடத்துக்கு மரியாதை.

இன்றைய குன்றத்தூர் – ஒரகடம் சாலையில் அந்த வேடம் கழுத்தில் தொங்குகிற டேக். வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற பையனிடம் முதல் கேள்வி, “எந்த கம்பெனி?” இரண்டாவது, “பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?” பெர்மனென்ட் என்றால், “உள்ள வாங்க தம்பி, உக்காருங்க.” கான்ட்ராக்ட் என்றால் வாசலிலேயே பேச்சு முடியும். அதே பையன், அதே சட்டை. ராத்திரி போலீஸ் பைக்கை மறிக்கிற இடத்தில், ‘எங்கடா போற?’ என்று ஆரம்பிக்கிற குரல், பெரிய கம்பெனி டேக்கைப் பார்த்ததும் ‘லைசென்ஸ் இருக்கா தம்பி?’ என்று மாறுவதை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சாதியைக் கேட்காமல் டேக்கைப் பார்ப்பது முன்னேற்றமா? கொஞ்சம் முன்னேற்றம்தான். பிறப்பால் வந்த அளவுகோலைவிட, மாற்றிக்கொள்ளக் கூடிய அளவுகோல் பரவாயில்லை. அளக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போலீஸ்காரர் பேச்சு என்றதும் பக்கத்து மாநிலம் நினைவுக்கு வருகிறது. 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களைக் காவல் துறையினர் ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று அழைக்கக் கூடாது என்றது. அரசியல் சாசனம் போற்றுகிற ஒழுக்கத்துக்கே அது விரோதம் என்பது நீதிபதி தேவன் ராமச்சந்திரனின் கருத்து. அதே நாட்களில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வருகிறவர்கள் ‘சார்’, ‘மேடம்’ போட வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மேலிருந்து கீழே வருகிற ‘எடா’வை ஒருவர் நிறுத்தினார், கீழிருந்து மேலே போகிற ‘சார்’ஐ இன்னொருவர் நிறுத்தினார். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால்தான் கணக்கு நேராகும். நம் ஊரில் ‘சார்’ போடாமல் ஒரு வருமானச் சான்றிதழ் வாங்கிவிட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பணிவு முழுக்கக் காணாமல் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. கொட்டிக் கிடக்கிற இடங்கள் இருக்கின்றன. கஸ்டமர் கேரில் ‘உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?’ என்கிறார்கள். சாப்பாடு கொண்டுவரும் பையன், ‘சார், ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க சார்’ என்று குழைகிறான். கார் ஷோரூமில் கும்பிட்டு வரவேற்கிறார்கள். பணிவு சம்பளத்தில் சேர்ந்த வேலையாகிவிட்டது. ஸ்டார் குறைந்தால் சோறு குறையும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வெளியே வருகிறவருக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று சொல்ல மிச்சம் எதுவும் இருப்பதில்லை. கடைத்தெருவிலும் பேச்சு சுருங்கிவிட்டது. ஸ்கேன் செய்கிறோம், பெட்டி ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று அறிவிக்கிறது, நடையைக் கட்டுகிறோம். சில்லறைக்காக நடந்த சண்டையும் போயிற்று, ‘நாளைக்குக் குடுங்க, பரவால்ல’ என்ற பேச்சும் போயிற்று.

ஸ்டார் போட வழியில்லாத இடம் அரசுப் பேருந்து. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பஸ்ஸை நிறுத்தாமல் போவது, ஏறினால் முகம் கடுப்பது, ‘காசா குடுக்குற, நின்னுட்டு வா’ என்பது போன்ற பேச்சுகளைப் பெண்கள் புகாராகச் சொன்னார்கள். அது நடத்துநர்களோடு நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மேடையிலேயே, பெண்கள் பஸ்ஸில் ஓசியில் போவதாகப் பேசினார். கோவையில் ஒரு மூதாட்டி, எனக்கு ஓசி வேண்டாம், டிக்கெட் கொடு என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற வீடியோ பரவியது. அதன் பின்னால் இருந்த அரசியலைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். அரசியலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஓசி என்ற சொல் அவ்வளவு பேருக்குச் சுட்டதற்குக் காரணம் இருந்தது: அதை அவர்கள் ஏற்கெனவே பஸ்ஸுக்குள் கேட்டிருந்தார்கள்.

ஒழுங்காகப் பதில் சொல்லாததும் மரியாதைக் குறைவுதான். இந்தத் தொழிற்பேட்டையில் அதற்குக் கொடுத்த விலை பெரியது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நம்பும்படியாக யாரும் சொல்லாததால், சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது. சாப்பாடும் தங்குமிடமும்தான் அடிப்படைப் பிரச்சினை, சந்தேகமில்லை. ஆனால் கேட்டவர்களை உட்காரவைத்து, ‘இன்னார் இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேசுங்கள்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும்.

2023 மார்ச்சில் இன்னொரு வதந்தி. வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் சுற்றின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. போலியைப் பரப்பிய யூடியூபர் கைதானார். வீடியோ பொய். அந்தப் பொய்யை அவ்வளவு பேர் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்றால், நம்பக் கூடியதாக அது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தினமும் ‘டேய்’, ‘ஏய்’, ‘வடக்கன்’ என்று காதில் விழுகிற ஊரில், அடிக்கவும் செய்வார்கள் என்று ஒருவன் நினைத்தால் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1960-களில் பம்பாயில் நம்மவர்களை ‘மதராஸி’, ‘லுங்கிவாலா’ என்று சிவசேனா துரத்தியபோது, முதலில் வந்தது சொல். அடி பிறகு வந்தது. தாராவியில் உறவுக்காரர் இருக்கிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் தெரியும்.

இனி, டீக்கடைகளில் புதிதாக முளைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். இளவட்டங்கள் தங்களுக்குள் ‘ப்ரோ’ போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு எரிச்சல். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நாள் கவனித்தால் அதன் சௌகரியம் தெரிகிறது. ‘அண்ணே’ என்றால் வயதை அளக்க வேண்டும். தப்பாக அளந்தால் எதிராளிக்கு வருத்தம். ‘சார்’ என்றால் நாம் ஒரு படி இறங்க வேண்டும். ‘தம்பி’ என்றால் அவரை இறக்க வேண்டும். ‘ப்ரோ’வில் ஏற்றமும் இறக்கமும் கிடையாது. விழுப்புரத்துப் பையனும் பாட்னாப் பையனும் ஒருவரையொருவர் ‘ப்ரோ’ என்கிறார்கள்; டேக்கின் நிறம் என்ன என்று பார்ப்பதில்லை. ‘ப்ரோ, கொஞ்சம் நகருங்க’ என்று ‘ங்க’வும் சேர்ந்து வருகிறது. அந்த ‘ங்க’வைப் பாட்னாப் பையன் விழுப்புரத்துப் பையனிடமிருந்து எடுத்துக்கொள்கிறான். இத்தனை வருடம் எந்தச் சூப்பர்வைசரும் சொல்லித்தராத பாடம்.

இது ஆண்களுக்குக் கிடைத்த வழி. இந்தத் தொழிற்பேட்டையில் பெண்கள் சின்னக் கூட்டமில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஷிஃப்ட் முடிந்து கடைக்கு வருகிற அவர்களை என்னவென்று கூப்பிடுவது என்று கடைக்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘அக்கா’ என்றால் பத்தொன்பது வயதுப் பெண் முறைக்கிறாள். ‘மேடம்’ என்றால் அவளுக்கே சிரிப்பு வருகிறது. ‘ஆன்ட்டி’ என்றால் கடைக்கு அடுத்த முறை வரமாட்டாள். ‘சிஸ்’ என்று சில பையன்கள் சொல்லிப் பார்க்கிறார்கள், நிற்கவில்லை. ‘பாப்பா’வை எந்தப் பெண்ணும் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறார்கள். ஒன்றும் தோன்றாதவர்கள் ‘ஏம்மா’ என்கிறார்கள்; சொல்கிற குரலைப் பொறுத்து அது அன்பாகவும் விழும், அதட்டலாகவும் விழும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர்களையே கேட்ட கடைக்காரர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.